இந்துப்புக்கு மாறியும் ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 58. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் மாத்திரை சாப்பிடுகிறேன். உப்பைக் குறைக்கச் சொன்னதால் இந்துப்புக்கு மாறிவிட்டேன். மோர்சாதத்தில் உப்பே போடுவதில்லை. அப்பளமோ மோர்மிளகாயோ தொட்டுக்கொள்வதோடு சரி. ஆனாலும் 150/90-க்குக் கீழே இறங்கவில்லையே, ஏன்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இந்துப்பும் உப்புதான் அம்மா. நிறமும் விலையும்தான் வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. ஆரோக்கியம் என்று சொல்லி அதை விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதிலுள்ள சோடியத்தில் ஏறக்குறைய 99 சதவீதத்தை மீண்டும் உடலுக்குள்ளேயே எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதில் எவ்வளவு வெளியேறலாம் என்பதை ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் கூட்டிக் குறைக்கின்றன. வயது ஏறும்போது பலருக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. உடலில் தங்கும் சோடியம் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. மிஞ்சிய உப்பை வெளியே தள்ளவே சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. உங்கள் 150-க்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

இப்போது அந்த அப்பளத்துக்கு வருவோம். உளுந்து மாவில் உப்போடு அப்பளக்காரமும் சேர்த்துப் பிசைகிறார்கள். அந்த அப்பளக்காரமும் (சோடா உப்பு வகை) சோடியம்தான், நாக்குக்குக் கரிக்காது, சிறுநீரகத்தை ஏமாற்ற முடியாது. மோர்மிளகாயோ உப்பு மோரில் பகலும் இரவுமாக ஊறி ஊறிக் காய்ந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளுக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு. இட்லி மாவு, சாம்பார், ரசம் எல்லாம் சேர்ந்தே ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். மோர்சாதத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டே பிசையுங்கள். தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய் போதும்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடும் வழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவையும் சோடியத்தை உடலில் தேக்கும்.

‘குறைந்த சோடியம் உப்பு’ என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. சீனக் கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், அது பக்கவாதத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் டெல்மிசார்டனும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பரிசோதனைகளைச் செய்து டாக்டரிடம் காட்டாமல் அதை வாங்க வேண்டாம். மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.