பாதி வகுப்புக்குப் பதற்ற நோயா?

கடலூரில் நர்சிங் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “2021 மே, ஜூனில் எங்கள் மாணவிகளிடம் கூகுள் ஃபார்மில் டாஸ்-21 (21 கேள்விகள் கொண்ட மனநலப் படிவம்) எடுத்தோம். இப்போது கட்டுரை எழுத உட்கார்ந்தால், பதற்றப் பகுதியில் பாதிப் பேர் ‘கடுமை’ என்று வருகிறது. இத்தனை பேருக்குப் பதற்ற நோய் இருந்தது என்று எழுதலாமா?”

அப்படி எழுதாதீர்கள் மேடம். முதலில் கணக்கைச் சரிபாருங்கள். டாஸ்-21இல் ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை போடுவார்கள். ஒரு பகுதியில் கூட்டிய மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கித்தான், எது ‘கடுமை’ என்று வரம்பு சொல்லும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அந்த வரம்புகள் 42 கேள்விகள் கொண்ட மூலப் படிவத்துக்கு உரியவை. எக்செல்லில் பெருக்க மறப்பவர்களும் உண்டு, இரண்டு தடவை பெருக்குபவர்களும் உண்டு.

கணக்கு சரி என்றால், பதற்றத்துக்கான ஏழு கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். வாய் வறட்சி, மூச்சுத் திணறல், கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு என்று நாலு கேள்விகள் உடம்பைப் பற்றியவை.

பாகூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி என்று வையுங்கள். கத்திரி வெயிலில் பிபிஇ கிட் போட்டுக்கொண்டு கோவிட் வார்டில் டூட்டி. நடுவில் தண்ணீர் குடிக்க வழியில்லை. வாய் வறட்சிக்கு 3, மூச்சுக்கு 3, படபடப்புக்கு 2 போடுகிறாள். கூட்டினால் 8, பெருக்கினால் 16. பதற்றத்தில் 15 முதல் 19 வரை ‘கடுமை’. பயம் பற்றிய கேள்விகளில் அவள் போட்டதோ சுழியம்! அதே படிவத்தில் ‘தக்க காரணமில்லாமல் பயந்தேன்’ என்றும் ஒரு கேள்வி உண்டு. நிஜமாகவே நடுங்கிப்போன வேறொருத்திகூட அதற்குச் சுழியம் போட்டிருக்கலாம். அவளுக்குத்தான் காரணம் வார்டிலேயே படுத்திருந்ததே. படிவம் நிரப்புவதற்கு முந்தைய வாரம் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வார்டு டூட்டி என்ற விவரம் உங்களிடம் இருந்தால் அவர்களைத் தனியாகப் பிரித்து எண்ணுங்கள்.

படிவத்தைத் தமிழில் கொடுத்திருந்தால் இன்னொரு வம்பு. டாஸ் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளக்கிறது: மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம். நம் பத்திரிகைகளோ மனச்சோர்வையும் மன அழுத்தம் என்றே எழுதிப் பழக்கிவிட்டன. கட்டுரையில் எந்தச் சொல் எதற்கு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், டாஸ் கேட்பது கடந்த ஒரு வாரத்தை மட்டும். மே நடுவில் நிரப்பியவளும் ஜூன் கடைசியில் நிரப்பியவளும் ஒரே வாரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஃபார்மில் தேதி பதிவாகியிருக்கும், வாரவாரியாகப் பிரியுங்கள். கோவிடுக்கு முன்பு எடுத்த மதிப்பெண் இல்லாததால் ‘கோவிடால் கூடியது’ என்றும் எழுத முடியாது. ‘பதற்ற அறிகுறி மதிப்பெண் கடுமை வரம்பில் இருந்தவர்கள் இத்தனை பேர்’ என்று எழுதுங்கள், அது நிற்கும். நோய் உண்டா என்பதை மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லிங்க்கை வகுப்பாசிரியரே வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இன்டர்னல் மார்க் போடும் கைக்கு யார் மனசைத் திறந்து காட்டுவார்கள்?

அடுத்த முறை மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்க்யூ-9 எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்குச் சுழியத்தைத் தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் பேச ஒரு ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு லிங்க்கை அனுப்புங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416ஐ ஃபார்மின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.