போனவர்கள் பின்னால் போகும் மனசு

கேள்வி: 1990-இல், பத்து வயதில், அப்பா அம்மாவோடு திருச்சியிலிருந்து பிட்ஸ்பர்க் வந்தேன். அன்று முதல் இந்த ஊர் பேஸ்பால் டீமான பைரேட்ஸ்தான் என் டீம். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் ரேடியோ வர்ணனை கேட்டு வளர்ந்தவன். ஆனால் சில வருஷங்களாக பைரேட்ஸ் ஆட்டம் பார்க்கவே பிடிக்கவில்லை. இங்கிருந்து போன ஆட்டக்காரர்கள் எந்த டீமில் இருக்கிறார்களோ அந்த மேட்சைத் தேடிப் போய்ப் பார்க்கிறேன். 2025 வேர்ல்ட் சீரிஸில், அதாவது பேஸ்பாலின் இறுதிப் போட்டியில், இப்போது டாட்ஜர்ஸுக்கு ஆடும் டைலர் கிளாஸ்நோ கடைசி நேரத்தில் வந்து மூன்றே பந்தில் ஆட்டத்தை முடித்தபோது வீடே அதிரும்படி கத்தினேன். அப்புறம் அரை மணி நேரம், "இவனைத்தான் நம்ம ஆளுங்க தூக்கிக் கொடுத்தாங்க" என்று மனைவியிடம் புலம்பினேன். "நீயெல்லாம் ஒரு ரசிகனா, துரோகி" என்று மச்சான் கேலி செய்கிறார். அதைக்கூட விட்டுவிடலாம். என் பதினோரு வயது மகள் பைரேட்ஸின் பிட்சர் பால் ஸ்கீன்ஸின் தீவிர ரசிகை. "ரொம்ப ஒட்டிக்காதே, 2029 முடிஞ்சா அவனும் போயிடுவான்" என்று நான் சொல்லிச் சொல்லியே, இப்போது அவள் என்னோடு உட்கார்ந்து மேட்ச் பார்ப்பதில்லை. மாடியில் தனியாகப் பார்க்கிறாள். நான் செய்வது தவறா? இன்னொரு சின்ன சந்தேகம்: பிஎன்சி பார்க் ஸ்டேடியத்துக்கு டாட்ஜர்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு போகலாமா?
— பிட்ஸ்பர்க் வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

துரோகம் என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வைப்போம். கிளாஸ்நோ தானாகக் கிளம்பிப் போகவில்லை. 2018 ஜூலை 31 அன்று கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சரை (பந்து போடுபவரை) வாங்குவதற்காக, கிளாஸ்நோவையும் ஆஸ்டின் மெடோஸையும் டாம்பா பே டீமுக்கு அனுப்பியது உங்கள் டீம் நிர்வாகம். போதாததற்குப் பின்னால் ஷேன் பாஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கொடுத்தது அவர்கள். நீங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரே இதைச் செய்திருக்கிறது. 2013-இல் நேஷனல் லீகின் எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கிய ஆண்ட்ரூ மெக்கட்சனை 2018 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு மே மாதம் அவர் எதிரணிச் சட்டையில் பிஎன்சி பார்க்குக்கு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அத்தனை பேரையும் உங்கள் மச்சான் துரோகி என்பாரா?

பேஸ்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மேஜர் லீகில் ஒரு ஆட்டக்காரர் ஏறத்தாழ ஆறு சீசன் ஆடி முடிக்கும் வரை, அவரை முதலில் எடுத்த டீமின் கையில்தான் இருப்பார். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் குறைவு. அடுத்த மூன்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆறு முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட், யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். ஒரு டீம் மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு இந்த விளையாட்டில் கிடையாது. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸும் அள்ளிக் கொடுக்கும். பிட்ஸ்பர்க் மாதிரி சின்ன ஊர் டீம், ஆள் சும்மா போவதற்குள் இன்னொரு டீமுக்கு ட்ரேட் செய்து, பதிலுக்கு நாலு இளைஞர்களையாவது வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடும். அதே ஊரில் அமெரிக்கன் ஃபுட்பால் டீமான ஸ்டீலர்ஸ் ஆறு சூப்பர் பௌல் ஜெயித்திருக்கிறது, ஐஸ் ஹாக்கி டீமான பெங்குவின்ஸ் ஐந்து ஸ்டான்லி கோப்பை வாங்கியிருக்கிறது. அந்த விளையாட்டுகளில் உச்சவரம்பு உண்டு. பைரேட்ஸ் கடைசியாக வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது 1979-இல்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் வந்து சேர்ந்த ஆண்டு. 1990, 91, 92 என்று மூன்று வருஷமும் பைரேட்ஸ் தன் பிரிவில் முதலிடம். பத்து வயதுப் பையன் ஒருவன் புது ஊரில் இறங்கி, இந்த டீம் என்றால் ஜெயிக்கிற டீம் என்று நம்பிவிட்டான். அப்புறம் 1992 அக்டோபர் 14. அட்லாண்டாவில், நேஷனல் லீக் இறுதிச் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 முன்னிலை. இரண்டு அவுட் ஆகிவிட்டது, ஸ்கோர் 2-1. பிரான்சிஸ்கோ கப்ரேரா அடித்த பந்து இடப்பக்கம் போக, ஒருவர் ஓடி வந்து ஸ்கோர் 2-2 ஆனது. பைரேட்ஸின் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் பந்தை எடுத்து வீசினார். மூட்டுவலிக்காரர், முழங்காலில் பட்டை கட்டியவர், மெதுவாக ஓடுபவர் என்று பெயர் வாங்கிய சிட் பிரீம், இரண்டாவது பேஸிலிருந்து ஓடி வந்து சறுக்கிக்கொண்டே, ரன் கணக்காகும் இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டார். அட்லாண்டா 3-2. எல்லாம் முடிந்தது.

அந்த பிரீம் யார்? 1990 வரை பைரேட்ஸில் ஆடியவர்! உங்கள் ஊரின் நெஞ்சை உடைத்தவரே உங்கள் ஊரிலிருந்து போனவர்தான். பந்தை வீசிய பாண்ட்ஸும் அந்தக் குளிர்காலமே சான்பிரான்சிஸ்கோ போனார். அதன்பின் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன், வெற்றியைவிடத் தோல்வி அதிகம். பன்னிரண்டு வயதில் தொடங்கி முப்பத்திரண்டு வரை, ஒரு மனுஷனின் வாலிபம் முழுக்க. இதையெல்லாம் தாண்டியும் ஒருவர் பேஸ்பாலை விடாமல் இருக்கிறார் என்றால், அவர் பற்றுக்கு ஏதாவது ஒரு வழி வேண்டும். போனவர்கள்தான் உங்களுக்கு அந்த வழி.

உங்கள் பட்டியலில் பிட்சர் சார்லி மார்ட்டன் கட்டாயம் இருப்பார் என்று நினைக்கிறேன். 2010-இல் பைரேட்ஸுக்காக 2 வெற்றி, 12 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 7.57. அதாவது ஒன்பது இன்னிங்ஸ் போட்டால் ஏழரை ரன்னுக்கு மேல் கொடுக்கிறவர். அன்று அவரை யாரும் வாழ்த்தியிருக்க மாட்டார்கள். அதே மார்ட்டன் 2017-இல் ஹூஸ்டனுக்காக வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நாலு இன்னிங்ஸைப் போட்டு முடித்தார். 2021-இல் அட்லாண்டாவுக்காக, முதல் ஆட்டத்தில் அடிபட்டு வந்த பந்து காலில் பட்டு எலும்பு முறிந்தது. முறிந்த காலோடு இன்னும் மூன்று பேருக்குப் பந்து போட்டார். எதிரணி ஹூஸ்டனின் ஹோசே அல்டுவேயைப் பந்தை அடிக்க விடாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டுத்தான் வெளியே போனார். ஹூஸ்டன்காரருக்கும் அட்லாண்டாக்காரருக்கும் அவர் ஒரு வீரர். அந்த 7.57-ஐயும் பார்த்த உங்களுக்கு அவர் அதற்கும் மேல். போனவர்களைத் தொடர்வதில் இருக்கும் உண்மையான சுகம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அவர்களுடைய மோசமான நாட்களுக்குச் சாட்சியாக இருந்தவர் நீங்கள், அதனால் அவர்களுடைய நல்ல நாளில் உங்களுக்கும் பங்கு உண்டு. இதை விடவே வேண்டாம்.

இனி, சொல்லத்தான் வேண்டிய விஷயம். கிளாஸ்நோ வந்தபோது எதிரணி டொரன்டோ இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆள் வைத்திருந்தது, ஒரு அவுட்கூட இல்லை. முதல் பந்தில் ஒரு கேட்ச். மூன்றாவது பந்தில் கீக்கே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து, அப்படியே இரண்டாவது பேஸுக்கு வீச, ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. பேஸ்பாலில் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும்! மூன்று பந்து நேரம் சந்தோஷப்பட்டீர்கள். அப்புறம் அரை மணி நேரம் நிர்வாகத்தைத் திட்டினீர்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளாஸ்நோவை நீங்கள் ஆட்டக்காரராகப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் அவர் உங்கள் வழக்குக்கு ஒரு சாட்சி.

வழக்கில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நியாயம் உங்கள் பக்கம்தான். பிட்சர் கெரிட் கோல் பிட்ஸ்பர்க்கில் இருந்தவரை தாழ்வாக விழும் பந்துகளை அதிகம் போடச் சொல்லிப் பழக்கினார்கள். ஹூஸ்டன் போனார், அங்கே உயரமாக வேகப்பந்தும், கூடவே வளையும் பந்துகளும் போட விட்டார்கள். 2019-இல் 326 ஸ்ட்ரைக் அவுட். 2023-இல் நியூயார்க் யாங்கீஸுக்காக, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஹோசே பாட்டிஸ்டாவை 2008-இல் டொரன்டோவுக்கு விட்டார்கள், 2010-இல் 54 ஹோம் ரன் அடித்தார். பணம் இல்லாதது ஒரு காரணம் என்றால், கையில் இருக்கும் திறமையை வளர்க்கத் தெரியாதது இன்னொரு காரணம். அதற்குப் பணக்கார ஊர் என்ற சாக்கு செல்லாது. 2015-இல் 98 ஆட்டம் ஜெயித்த டீமை அப்படியே கரைய விட்டதும் மன்னிக்க முடியாதது. 2025 சீசனில் ரசிகர்கள் "டீமை வித்துட்டுப் போ" என்று கூச்சல் போட்டார்களே, அது சரியான இடத்துக்குப் போன கோபம். நீங்களும் போடுங்கள், கடிதம் எழுதுங்கள், சீசன் டிக்கெட் வாங்காமல் இருங்கள். முதலாளியிடம் காட்ட வேண்டிய கோபம் வீட்டு சோபாவில் வந்து உட்காரக் கூடாது.

ஏனென்றால் அங்கேதான் உங்கள் மகள் இருந்தாள்.

ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்று முதல் ஆட்டம் ஆடினார். அந்த ஆண்டே சிறந்த புதுமுகம் விருது. 2025-இல் ஈ.ஆர்.ஏ. 1.97, சை யங் விருதும் கிடைத்தது, ஒரு ஓட்டுகூட வேறு பக்கம் போகவில்லை. ஆனால் வெற்றி தோல்விக் கணக்கு 10-10. அவ்வளவு பிரமாதமாகப் பந்து போட்டும் டீம் ரன் எடுத்துத் தரவில்லை. 2029-க்குப் பிறகு அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார் என்பதும் சரிதான். நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பதினோரு வயதுப் பெண்ணுக்கு இதை ஒவ்வொரு மேட்சிலும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ஊருக்கே இருபது வருஷம் பிடித்த வலியை, அவள் இன்னும் படாத வலியை, முன்கூட்டியே கையில் கொடுக்கிறீர்கள். அவள் மாடிக்குப் போனது உங்கள் மேல் இருக்கும் கோபத்தால் மட்டும் இருக்காது. தன் சந்தோஷத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போயிருக்கிறாள். எனக்கு அவள் செய்தது புத்திசாலித்தனமாகவே படுகிறது.

உங்களுக்கு அந்த வயதில் இப்படி யாரும் சொல்லவில்லை. பாண்ட்ஸ் போய்விடுவார் என்று தெரிந்திருந்தால் அந்த மூன்று சீசனை நீங்கள் அப்படி அனுபவித்திருப்பீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. போகிறவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால், வருகிறவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். 2013 அக்டோபர் 1 ராத்திரி நினைவிருக்கிறதா? வைல்ட் கார்டு ஆட்டம், தோற்றால் சீசனே முடிந்துவிடும், அரங்கம் முழுக்கக் கறுப்புச் சட்டை, எல்லோரும் "குவே…ட்டோ" என்று எதிரணி பிட்சரின் பெயரை இழுத்துக் கத்த, அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்திலேயே ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். அந்த மார்ட்டின் யாங்கீஸிலிருந்து வந்தவர், இரண்டே சீசன் இருந்துவிட்டு டொரன்டோ போய்விட்டார். யாரோ ஒரு நியூயார்க் ரசிகர் அந்த ராத்திரி அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார். மெக்கட்சனைக் கொடுத்து வாங்கிய பிரையன் ரெனால்ட்ஸுக்குத்தான் 2023-இல் பைரேட்ஸ் தன் சரித்திரத்திலேயே முதல் முறையாக 10 கோடி டாலருக்கு மேல் காண்ட்ராக்ட் கொடுத்தது. அதே ஆண்டு மெக்கட்சனும் திரும்பி வந்து பைரேட்ஸ் சட்டையைப் போட்டார். ஜோ மஸ்குரோவ் இங்கிருந்து சான் டியேகோ போனார், அதுதான் அவர் பிறந்து வளர்ந்த பக்கம். 2021 ஏப்ரல் 9 அன்று அந்த டீமின் சரித்திரத்தில் முதல் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) போட்டார். பிட்ஸ்பர்க்குக்கு நஷ்டம், சரி. அந்தப் பையனுக்கு அது வீடு திரும்பிய நாள். இதைப் பார்த்து வயிறு எரிய முடியுமா?

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். கிளாஸ்நோவையும் மற்றவர்களையும் தாராளமாகப் பாருங்கள். ஆனால் "இவனைத்தான் கொடுத்தாங்க" என்ற வாக்கியத்தை ஒரு சீசனுக்காவது வீட்டில் சொல்லாமல் இருந்து பாருங்கள். அதற்குப் பதிலாக, மார்ட்டனின் உடைந்த கால் கதையை மகளிடம் சொல்லுங்கள். பிட்சர் டிம் வேக்ஃபீல்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1992-இல் உங்கள் கண் முன்னால் அட்லாண்டாவை இரண்டு முறை மடக்கியவர். 1995-இல் பைரேட்ஸ் வேண்டாமென்று அனுப்பிவிட்டது, பாஸ்டன் போய் பதினேழு சீசன் ஆடி இரண்டு வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார். புலம்பலாகச் சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். கதையாகச் சொன்னால் "அப்புறம் என்னப்பா?" என்று கேட்பாள்.

தொப்பி விஷயம்: பிஎன்சி பார்க்குக்கு டாட்ஜர்ஸ் தொப்பி வேண்டாம். நீங்கள் டாட்ஜர்ஸ் ரசிகர் இல்லை, கிளாஸ்நோ ரசிகர். அவர் பெயர் போட்ட பழைய பைரேட்ஸ் சட்டை பீரோவில் கிடந்தால் அதைப் போட்டுக்கொண்டு போங்கள். மச்சானையும் அழைத்துப் போங்கள், பாவம்.

மகளிடம் மன்னிப்பு என்று பெரிதாக எதுவும் வேண்டாம், குழந்தைகளுக்கு அது கூச்சமாக இருக்கும். ஸ்கீன்ஸ் பந்து போடும் நாள் எது என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு மாடிக்குப் போங்கள். அவர் 'ஸ்ப்ளிங்கர்' என்று ஒரு பந்து போடுகிறாரே, அதை விரலில் எப்படிப் பிடிக்கிறார் என்று அவளிடம் கேளுங்கள். ஒரு பேஸ்பாலும் கையில் எடுத்துக்கொண்டு போனால் நல்லது, காட்டச் சொல்லலாம்.