துண்டுக்கு ஏது நாடி?

கேள்வி: குளிக்கப் போகும்போது ஸ்மார்ட்வாட்சைக் கழற்றித் துண்டின் மேல் வைத்தேன். வந்து பார்த்தால் 78 துடிப்பு! துண்டுக்கு ஏது இதயம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: துண்டு என்னம்மா, வாழைப்பழத்தில் கட்டினாலும் எண் வரும், நானே கட்டிப் பார்த்திருக்கிறேன். சென்சாருக்கு இதயமெல்லாம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். பச்சை விளக்கை அடித்து, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை எண்ணும். துடிப்புக்குத் துடிப்பு தோலுக்கடியில் ரத்தம் கூடும்போது ஒளி துளி குறையும், அதுதான் கணக்கு. துண்டிலிருந்தும் ஒளி திரும்புகிறதே! கையில் இருப்பதாக நம்பி, அர்த்தமில்லாத சிறு அசைவுகளுக்குள் ஒரு தாளத்தைத் தேடிப் பிடித்துவிடும். மென்பொருளுக்கு அவ்வளவு கடமையுணர்ச்சி. இனி கழற்றினால் திரையைக் கவிழ்த்து, சென்சார் மேலே பார்க்க வையுங்கள். ஒளி திரும்பாவிட்டால் பெரும்பாலும் அளப்பதை நிறுத்திவிடும். அந்த 78-ஐ மட்டும் டாக்டரிடம் காட்டிவிடாதீர்கள்.