சர்க்கஸில் எதற்கு மூன்று வட்டம்?

கேள்வி: ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வாரம் வீடியோ மீட்டிங்கில் நாங்கள் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்க, அமெரிக்க மேனேஜர் “த்ரீ ரிங் சர்க்கஸ்” என்று சொல்லிச் சிரித்தார். எங்களைக் கோமாளிகள் என்கிறாரா? இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?
- வாசகி, கோவை

பதில்: கோமாளி என்று சொல்லவில்லை, கவலையை விடுங்கள். எதைப் பார்ப்பது, யார் சொல்வதைக் கேட்பது என்றே புரியாதபடி எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தால் அமெரிக்கர்கள் இப்படிச் சொல்வார்கள். நாம் சந்தைக்கடை என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

ரிங் என்பது வித்தை நடக்கும் வட்டம். 1768-இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரைச் சாகசம் காட்டத் தொடங்கியபோது இருந்தது ஒரே வட்டம். ஓடும் குதிரையின் முதுகில் ஆள் விழாமல் நிற்க, வட்டம் ரொம்பப் பெரிதாகவும் கூடாது, சிறிதாகவும் கூடாது. சுமார் 42 அடி விட்டம் என்று பின்னால் நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் அந்த அளவே தலைவலி ஆனது. ஆயிரக்கணக்கானோர் உட்காரக் கூடாரம் போட்டுவிடலாம். வட்டத்தை இழுத்து நீட்ட முடியாதே! பின்வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து நிற்பார்கள், முன்னால் வந்து நெருக்குவார்கள். காசு கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னமின் கூட்டாளி வில்லியம் கூப் 1872-இல் இரண்டாவது வட்டம் போட்டார். 1881-இல் பார்னமும் இன்னொரு சர்க்கஸ் முதலாளியான பெய்லியும் சேர்ந்து நியூயார்க்கில் மூன்று வட்டத்தோடு இறங்கினார்கள்.

கூட்டத்தை ஒழுங்காக உட்கார வைக்கச் செய்த ஏற்பாடு கடைசியில் குழப்பத்துக்கே பெயராகிவிட்டது. சர்க்கஸ்காரர்களுக்கு இது அநியாயம் என்பேன். ரிங் மாஸ்டரின் விசில், பேண்டு மெட்டு மாறும் இடம் இவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு வட்டத்திலும் வித்தை தொடங்கும், முடியும். தலைசுற்றுவது பார்க்கிறவருக்கு மட்டும்.

உங்கள் மேனேஜர் பார்க்கிறவர். யார் கையில் எந்த வேலை என்பது உங்களுக்குத் தெரியும், திரையில் பார்க்கும் அவருக்குத் தெரியாது. அடுத்த மீட்டிங்குக்கு முன்னால் யார் முதலில் பேசுவது, யார் அப்புறம் என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். “க்ளவுன் ஷோ” என்று என்றைக்காவது சொன்னால் அப்போது கோபப்படலாம், அது திட்டேதான்.