ஐந்து வண்டி நூல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வுபெறும் சீன இலக்கியப் பேராசிரியர் ஒருவருக்கு வாழ்த்துமடல் எழுதுகிறேன். ‘ஐந்து வண்டிக் கல்வி, எட்டு மரக்கால் திறமை’ என்ற சீனத் தொடரைச் சேர்க்கலாமா? எப்படி உச்சரிப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உச்சரிப்பை விடுங்கள், எழுதத்தானே போகிறீர்கள்.

இன்றைய சீனத்தில் இரண்டும் பாராட்டுதான். ஆனால் அகராதியில் பொருளைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டீர்களே, அதுதான் எரிச்சல். ‘சுவாங்சு’ என்ற பழைய தாவோயிச நூலின் கடைசி அத்தியாயம் ஹுய் ஷி என்ற தர்க்கவாதியைப் பற்றி, ‘பல துறை அறிந்தவர், அவர் நூல்கள் ஐந்து வண்டி’ என்கிறது. கையோடு, ‘அவர் நெறி முரண்பட்டது, சொல் இலக்கில் படாது’ என்றும் சொல்கிறது. அதாவது குத்தல். உங்கள் பேராசிரியருக்கு அடுத்த வரியும் மனப்பாடமாக இருக்கும்.

வண்டியையும் எடைபோடுங்கள். அன்றைய நூல் மூங்கில் பட்டை. ஹான் காலத்தில் வழக்கமான பட்டையின் நீளம் சுமார் 23 செ.மீ.; ஒன்றில் முப்பது எழுத்து என்று வையுங்கள். ஐயாயிரம் எழுத்துள்ள, தாவோயிச ஞானி லாவோசுவின் நூலுக்கே 160க்கு மேல் பட்டை வேண்டும். தோங்ஃபாங் ஷுவோ என்ற அறிஞர் ஹான் பேரரசர் ஊவுக்கு அனுப்பிய ஒரே விண்ணப்பம் மூவாயிரம் பலகை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கவே திணறினார்கள், பேரரசர் படித்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்தக் கணக்கில் ஐந்து வண்டி இன்று ஓர் அலமாரியையாவது நிரப்புமா?

எட்டு மரக்கால், கவிஞர் த்சாவ் ஜிக்கு (192–232) பிற்காலக் கவிஞர் ஷியே லிங்யுன் அளந்ததாகச் சொல்வார்கள். ‘உலகின் திறமை மொத்தம் பத்து மரக்கால்; எட்டு அவருக்கு, ஒன்று எனக்கு, மிச்சம் ஒன்று மற்ற எல்லோருக்கும்’ என்றாராம் ஷியே. பாராட்டுகிறவர் தன் பங்கை மறக்கவில்லை, பாருங்கள்.

வம்பில்லாத சொல் வேண்டுமானால் ‘தாய்தோ’: தாய் மலையும் சப்தரிஷி மண்டலமும். அறிஞர்கள் தாங் கால எழுத்தாளர் ஹான் யூவை (768–824) அப்படி அண்ணாந்து பார்த்ததாகப் புதிய தாங் வரலாறு சொல்கிறது. முன்னால் துறையின் பெயர் வர வேண்டும். உங்கள் பேராசிரியரின் உரையை மட்டும் ‘செங்கல் எறிந்து ஜேட் மணிக்கல்லை வரவழைத்தது’ என்று புகழ்ந்துவிடாதீர்கள்! அது பேசுபவர் தன்னைத் தாழ்த்திச் சொல்வது. அவர் பேச்சையே செங்கல் என்றதாகிவிடும்.

மூங்கில்தான் வேண்டுமென்றால் ‘வெய் பியன் சான் ஜுவே’ இருக்கிறது. பட்டைகளைக் கோத்த தோல்வார் மூன்று முறை அறும்வரை கன்ஃபூசியஸ் ‘யி ஜிங்’ என்ற குறிநூலைப் படித்தார் என்று ‘ஷிஜி’ என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. ‘யி ஜிங்’கில் அவருக்குப் பிடிப்பு வந்தது முதுமையில்.