கயிற்றை எப்போது தளர்த்துவது?

கேள்வி: மூன்று வயதுக் குதிரை. தலைக்கயிற்றைப் பிடித்து நடத்தினால் நாலு எட்டு வைத்ததும் நின்றுவிடுகிறது. இழுத்தால் கழுத்தை நீட்டிப் பின்னால் சாய்கிறது. இன்னும் பலமாக இழுக்கலாமா?

பதில்: வேண்டாம். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணியோடு இழுபறி நடத்தி ஜெயிக்க முடியாது. இழுத்தால் எதிர்த்துச் சாய்வது பழகாத குதிரையின் இயல்பு. அதற்குப் பாடம் ஆவது இறுக்கம் விலகும் நொடிதான். அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததையே சரி என்று எடுத்துக்கொள்ளும். சாய்ந்தபோதெல்லாம் கை வலித்துக் கயிற்றை விட்டிருந்தால், சாயத்தான் கற்றிருக்கும்.

முதலில் குளம்பு, முதுகு, தலைப்பட்டை உறுத்தும் இடங்களைப் பாருங்கள். வலியால் நிற்கிற குதிரைக்குப் பயிற்சி மருந்தாகாது.

பிறகு அதன் இடது தோளை ஒட்டி, முன்னே பார்த்து நில்லுங்கள். கயிற்றின் தொய்வு போகுமளவு மட்டும் முன்பக்கம் இறுக்குங்கள். இரண்டு மூன்று நொடியில் அசைவில்லையென்றால் சற்றே கூட்டுங்கள். உடல் பாரம் முன்னே சாய்ந்தாலே போதும், அந்த நொடியே தளர்த்துங்கள். முழு எட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். குதிரை நடக்கத் தொடங்கிய பிறகும் கயிறு இறுகியே இருந்தால், நடந்ததால் என்ன பலன் என்று அதற்குப் புரியாது. சில நொடி நிற்கவிட்டு மறுபடி அதேபோல் இறுக்குங்கள். பிறகு ஓர் எட்டு, அப்புறம் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

பின்வாங்கினால் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அதே இறுக்கத்தோடு கூடவே போய், அது முன்னே வர முயலும்போது விடுங்கள். அசையாமல் முரண்டினால் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். நிலை தவறாமலிருக்கக் காலை மாற்றி வைக்கும், அப்போதும் உடனே தளர்த்த வேண்டும். கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். பத்து நிமிடம் போதும். வலப்பக்கம் நின்றும் பழக்குங்கள். இடப்பக்கம் கற்றதை அது தானாக வலப்பக்கமும் செய்யும் என்று நம்பியிருக்க முடியாது.

கேள்வி: சவாரியில் காலால் எவ்வளவு தட்டினாலும் குதிரை அசைவதில்லையே?

பதில்: ஓயாமல் தட்டினால் அதுவும் பழகி மரத்துவிடும். கெண்டைக்காலால் ஒருமுறை மெல்ல அழுத்துங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் காலுக்குப் பின்னால் பிரம்பால் லேசாக, சீராகத் தட்டிக்கொண்டே இருங்கள்; முதல் எட்டிலேயே பிரம்பும் காலும் ஓயட்டும். அதற்கு முன் உங்கள் கையைக் கவனியுங்கள். கடிவாள வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உதைத்தால் போ, நில் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறீர்கள்.