மா கேட்கிற அளவுக்குத் தண்ணி

அன்புள்ள அக்கா,

நானும் திருகோணமலைதான். வயது 34, அரசாங்க வேலை, கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதை வீட்டில் தினமும் ஞாபகப்படுத்துகிறார்கள். ஐந்து வருஷமாகச் சிறுகச் சிறுகக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு எடுத்து, முதலில் இத்தாலிக்குப் போய் ஆசைதீரச் சாப்பிட வேண்டும், பிறகு திருவண்ணாமலையில் ஏதாவது ஆசிரமம், கடைசியாகப் பாலி. என்னை நானே ஒருதரம் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "கோணேசர் இருக்கிற ஊரில இருந்துகொண்டு சாமி தேடி வேற நாட்டுக்குப் போறியோ?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவரும் அப்பாவும் 1990 இல் வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டியவர்களின் பிள்ளை பீட்சா சாப்பிடப் பிளேன் ஏறுகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இது வெள்ளைக்காரரைப் பார்த்துப் போடுகிற வேஷமோ என்றும் தோன்றுகிறது. போகலாமா, வேண்டாமா?

ச., திருகோணமலை

அன்புள்ள ச.,

போங்கள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதில் பாதி உங்கள் திட்டத்தில் குறை பிடிப்பதுதான். அதை மட்டும் வாசித்துவிட்டு "அக்காவும் வேண்டாமாம்" என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் அவர் கும்பிடுகிற கோவிலிலேயே இருக்கிறது. கோணமலைக்குச் சம்பந்தர் பாடிய பதிகத்தைப் பள்ளிக்கூடத்தில் நீங்களும் பாடமாக்கியிருப்பீர்கள். ஆனால் சம்பந்தர் இந்தக் கரையில் கால் வைத்ததில்லை, இராமேஸ்வரத்தில் நின்று கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கோணேசரைப் பாடினார் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். அலை முத்துக்களைக் கொழித்துத் தள்ளுவது அந்தப் பதிகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. மலையடியிலேயே குடியிருந்த எத்தனை பேர் அந்த அலையை நின்று பார்த்திருப்பார்கள்?

என் சித்தியும் 1990 இல் வள்ளம் ஏறியவர். இரண்டு வருஷம் மண்டபம் முகாமில் இருந்தார். ஊரில் இருந்த காலத்தில் அவர் கோணேசர் கோவிலுக்குப் போனது வருஷத்துக்கு ஒருதரம், அதுவும் தேர் பார்க்கவும் காப்பு வாங்கவும். இராமேஸ்வரத்துக் கடற்கரையில் கிழக்கே திரும்பி நின்றபோதுதான் முதல்முதலாக "கோணேசரே" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாராம். இதைச் சொல்லும்போது சித்தி அழமாட்டார், சிரிப்பார். "பக்கத்தில இருக்கேக்க திரும்பிப் பார்க்கேல்ல, அங்க போய் நிண்டு கூப்பிட்டா அந்த மனுசன் என்ன நினைச்சிருப்பார்?"

நான் இத்தாலிக்குப் போகப் போகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னதும் இதே சித்தியிடம்தான். "நாங்கள் ஓடினனாங்கள். நீங்களாவது ஆறுதலாப் போங்கோ" என்றார். உங்கள் அம்மாவும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைப்பார் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் அவர்கள் பட்டதை நீங்கள் வெட்கமாகச் சுமக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லையே. அவர் கேட்டது கோணேசரைப் பற்றி மட்டும்.

எங்கள் வாயில் "வெளிநாடு போறது" என்றால் இரண்டே அர்த்தம், உழைக்க அல்லது தப்ப. சும்மா போய்ச் சாப்பிட்டு, சும்மா இருந்துவிட்டு வருவதற்கு ஒரு சொல் கிடையாது. சொல் இல்லாததால்தான் உங்களுக்குக் குற்றம் செய்வது போல இருக்கிறது. ஆனால் யாத்திரை என்ற சொல் இருக்கிறதே? ஆடித் திருவிழாவுக்குச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் நம் ஊரையும் வெருகலையும் தாண்டி, மட்டக்களப்பு, உகந்தை, குமண, யால காடு என்று ஒரு மாதத்துக்கு மேல் நடக்கிறார்கள். வேலை வெட்டியைப் போட்டுவிட்டு இவள் ஏன் போகிறாள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. தண்ணீர்ப்பந்தல் அல்லவா போடுகிறோம்!

அடுத்தது வேஷம். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு, ஏனென்றால் நாங்கள் இருப்பதே மற்றவர்களுடைய வெளிநாட்டில். சண்டை முடிந்த பிறகு சித்தி அலஸ்தோட்டத்தில் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டார். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும் காலத்தில் ஆட்கள் வருவார்கள். தங்களைத் தாங்களே தேடி வந்ததாகச் சொன்னவர்கள் பலர். மூன்று நாள் நின்று, விடியற்காலையில் கடற்கரையில் யோகாசனம் செய்து, புறாத்தீவுக்குப் போய்ச் சுறாக்குட்டி பார்த்து, முகமெல்லாம் வெளிச்சமாகப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், காசு ஒழுங்காகத் தந்தார்கள்.

ஒரு ஜெர்மன்காரி மட்டும் இரண்டு மாதம் நின்றார். அவருக்குப் புட்டு அவிக்கப் பழக வேண்டும். கொப்பியும் சிறிய தராசும் கொண்டுவந்து சித்தியின் பக்கத்தில் குந்தினார். மா எத்தனை கிராம்? எழுதினார். உப்பு எத்தனை கிராம்? எழுதினார். சுடுதண்ணி எவ்வளவு? "மா கேட்கிற அளவுக்கு" என்றார் சித்தி. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பேனாவை எடுத்தவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். மா எப்படிக் கேட்கும்?

முதல் நாள் களி. இரண்டாம் நாள் வெறும் மா. மூன்றாம் நாள் மறுபடி களி. சித்தி அதை எறியவிடாமல் தேங்காய்ப்பூ போட்டு அந்தப் பிள்ளைக்கே சாப்பிடக் கொடுத்தார். மூன்றாவது கிழமையில் ஒரு காலை, வறுத்த மாவில் தண்ணியைத் தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஒரு பிடி எடுத்துப் பொத்தினார், உருண்டை நின்றது. பெருவிரலால் அமத்தினார், உதிர்ந்தது. யாரையும் கேட்காமல் பேணியை எடுத்துக் கொத்தத் தொடங்கினார். தராசு குசினி யன்னலில் கிடந்தது. போகும்போது அதைச் சித்திக்கே விட்டுவிட்டுப் போனார். சித்தி அதில் இப்போது ஏலக்காய் நிறுக்கிறார்.

அவர் தன்னைக் கண்டுபிடித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புட்டைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு எங்கள் ஆட்கள் போவது பெரும்பாலும் செத்தவர்களுக்குச் செய்கிற 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு. ஒருநாள் வெள்ளை உடுத்த குடும்பம் ஒன்று ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டம் எந்தக் கிணறு அதிகச் சூடு என்று விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அங்கே துக்கம் நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். திருவண்ணாமலையிலோ பாலியிலோ நீங்கள் விரலை விடப்போகிற தண்ணியும் யாருடையதோ அந்தியேட்டியாக இருக்கலாம். கொஞ்சம் பின்னால் நின்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சரி, இத்தாலி. பீட்சா என்றால் நாப்போலிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. அடி ரொட்டிக்கு மா, தண்ணி, உப்பு, ஈஸ்ட் என்று நாலே சாமான். விறகடுப்பில் ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடும். அதைச் செய்கிற கலையை 2017 இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாப்பிடுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் தெற்கே சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு இறங்குங்கள். என் மச்சாள் அங்கே இருக்கிறார். 22 வருஷமாக வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. பலெர்மோவில் அவரைப் போல நிறையத் தமிழர் இருக்கிறார்கள்.

நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை விடிய முன்னமே எழுப்பினார். "மலைக்குப் போறம், வெளிக்கிடு." மொந்தே பெல்லெக்ரீனோ, யாத்திரிகன் மலை என்று அர்த்தம். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு குகை, அதற்குள் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோவில். 1624 இல் பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகளை ஊர்வலமாக எடுத்துப்போய்த்தான் நகரம் தப்பியது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. (அதே காலத்தில்தான் இங்கே போர்த்துக்கேயர் நம் கோவிலை இடித்த கல்லால் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.) அந்தக் கல்பாதையில் வேதக்காரரும் சைவக்காரரும் என்று நம் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சிலர் வெறுங்கால். மச்சாள் சப்பாத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

குகைக்குள் பாறை ஒழுகுகிறது. ஒழுகுகிற தண்ணி ஆட்களின் தலையில் விழாமல் இருக்க மேலே குறுக்கும் மறுக்குமாகத் தகரப் பீலி வைத்திருக்கிறார்கள், அப்படியே நம் வீட்டுக் கூரைப் பீலி. அந்தத் தண்ணிதான் தீர்த்தம். பொன்னாடை போர்த்துப் படுத்திருக்கிற அந்தச் சிலைக்கு முன்னால் மச்சாள் பத்திரகாளியம்மனுக்கு நிற்பது போலவே நின்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. இதோ வந்துவிட்டது, நான் தேடி வந்தது இதுதான் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தேன். மச்சாள் திரும்பி, "இறங்குவம், பத்து மணிக்குக் கிழவிக்கு ஊசி போட வேணும்" என்றார்.

இறங்கி, பனெல்லே வாங்கிச் சாப்பிட்டோம். கடலைமாவைக் காய்ச்சிப் பரத்தி, வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். சாப்பிடும்போது நான் கேட்டேன், இத்தனை வருஷத்தில் இங்கே நீ என்ன கண்டாய் என்று. மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். 22 வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. எல்லோரும் கேட்டது எவ்வளவு அனுப்புகிறாய், எப்போது வருகிறாய் என்றுதான். கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொன்னார்: "எனக்கு மலை ஏற ஏலும் எண்டு இங்க வந்துதான் தெரியும். ஊரில கோணேசருக்கே ஆட்டோவிலதானே போறனாங்கள்."

பாலியை இந்தமுறை விட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்குள் மூன்று நாடு என்றால் பாதிக் காலம் விமான நிலையத்தில் போகும்.

திருவண்ணாமலையை முதலில் வையுங்கள். ரமணரின் கதை உங்கள் பயணத்துக்கு நல்ல துணை. 1896 இல் மதுரையிலிருந்து புறப்பட்ட 16 வயதுப் பையன். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்குக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு மிச்சம் 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு ரயில் ஏறினார். வழியில் காசு தீர்ந்துபோக, காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்கிறதற்கான விலாசத் துண்டையும் கிழித்துப்போட்டார். செப்டெம்பர் 1 போய்ச் சேர்ந்தவர், 1950 ஏப்ரலில் மறையும்வரை அந்த ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. அந்த 2 ரூபாயைத் திருப்பி வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். உங்களுக்கும் சம்பளமில்லாத லீவுக் கடிதம் எழுதும்போது நினைவு வரட்டும்.

ரமணரின் ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று நாள்தான் தருவார்கள், பிறகு வெளியே அறை எடுங்கள். சாப்பாடு நிலத்தில் பந்தி. கிரிவலம் 14 கிலோமீற்றர். பௌர்ணமியன்று போனால் மலை தெரியாது, முதுகுகள்தான் தெரியும். வேறொரு நாள் இரவில் நடங்கள்.

இந்தியாவுக்குப் பிளேன் எடுக்காமல் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு ஓடும் கப்பலைப் பாருங்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடியது. ஏறக்குறைய நாலு மணித்தியாலம். கடல் குழம்புகிற மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டு லீவு போடுங்கள். அம்மாவையும் அந்தக் கப்பலில் கூட்டிப்போங்கள் என்றுதான் நான் சொல்வேன். வள்ளத்தில் தாண்டிய கடலை டிக்கெட் எடுத்து, கதிரையில் இருந்து தாண்டட்டும். இராமேஸ்வரத்தையும் காட்டிவிட்டு அவரை ஊருக்கு அனுப்புங்கள், பிறகு உங்கள் பாடு.

இத்தாலி விசாவுக்கு மட்டும் நேரத்தோடு வெளிக்கிடுங்கள். கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். வங்கிக் கணக்கு விபரம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வேலையிடத்து லீவுக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். எனக்கு முதல்முறை மறுத்தார்கள். திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நீங்கள் எனக்கு எழுதியதை எல்லாம் எழுதாதீர்கள், சுற்றுலா என்று போடுங்கள்.

மச்சாளின் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். சூட்கேசில் இரண்டு கிலோ கறித்தூளுக்கு இடம் விட்டு வையுங்கள், சித்தி இடித்துத் தருவார். கொஞ்சம் கூட வறுத்த தூள்தான் வேண்டும் என்று மச்சாள் போன கிழமையும் சொன்னார்.